மூக்கில் குழாய், தோலில் புண்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 30 வாரத்தில் பிறந்த என் பேரன் டர்பனில் ஒரு மருத்துவமனையில், மூக்குக் குழாய் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தரும் சி-பாப் கருவியில் இருக்கிறான். நாலாம் நாளே இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் சிவந்துவிட்டது. சிஸ்டரிடம் கேட்க மகள் தயங்குகிறாள். தானாக ஆறிவிடுமா?
— ஒரு பாட்டி, சாட்ஸ்வர்த்

பதில்: அழுத்தத்தை நீக்கினால் ஆறும் அம்மா, நீக்காவிட்டால் ஆறாது. மகளை இன்றே கேட்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பது குறை சொல்வதாகாது.

நுரையீரல் சுருங்கிப்போகாமல் இருக்க அந்தக் கருவி வழக்கமாக 5 முதல் 8 செ.மீ. நீரழுத்தத்தில் காற்றைத் தருகிறது. காற்று கசிந்தால் அழுத்தம் குறையும். உடனே குழாயை இன்னும் உள்ளே தள்ளத் தோன்றும், கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. குழாயின் அடிப்பாகம், இரண்டு துவாரத்துக்கும் நடுவிலுள்ள நடுத்தண்டில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே சதை கிடையாது, குருத்தெலும்பின் மேல் மெல்லிய தோல் மட்டுமே. நுண்ணிய ரத்தநாளங்கள் நசுங்கி ரத்தம் நின்றுபோகும். முதலில் சிவக்கும், பிறகு மேல்தோல் உரியும், அதற்கும் மேலே போனால் திசு கருத்துச் செத்துவிடும். நடுத்தண்டு அழிந்தால் மூக்கின் வடிவமே கெடும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து 2010இல் வெளியான ஆய்வில், இந்தக் கருவியில் இருந்த 989 குழந்தைகளில் 420 பேருக்கு மூக்கில் காயம் இருந்தது. பெரும்பாலானவை முதல் கட்டத்தோடு நின்றன. 90 சதவீதத்துக்கு மேல் முதல் ஆறு நாட்களுக்குள் தோன்றின. நாலாம் நாள் என்கிறீர்களே, காலம் தாழ்த்தக் கூடாத நேரம் இது.

மகள் பார்க்க வேண்டியது முதலில் இடைவெளி. குழாயின் அடிப்பாகத்துக்கும் நடுத்தண்டுக்கும் இடையே சுமார் 2 மி.மீ. எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழாய்க்கு அடியில் தோலில் ஒட்டும் ஹைட்ரோகொல்லாய்டு பட்டை (தோலைக் காக்கும் மென்மையான பசைப் பட்டை) உராய்வைக் குறைக்கும், ஆனால் இடைவெளிக்கு அது ஈடாகாது. சின்னக் குழாய் என்றால் மென்மையாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கசியும், ஆடும், கடைசியில் இறுக்கிக் கட்ட வேண்டிவரும். துவாரத்தை நிறைக்க வேண்டும், சுற்றியுள்ள தோல் வெளுக்கக் கூடாது. அதுதான் சரியான அளவு.

குழாயைப் பிடித்திருக்கும் தொப்பி புருவத்துக்குச் சற்று மேல்வரை இறங்கி, காது மடங்காமல் உள்ளே படிந்திருக்க வேண்டும். தளர்ந்தால் குழாய் நகரும்; இறுக்கினால் கண் வீங்கும், நெற்றியில் வடு விழும். குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைக்கும்போது குழாய்களைத் தாயின் தோள்பக்கத் துணியோடு சேர்த்து நிறுத்தச் சொல்லுங்கள். அவற்றின் எடை மூக்கில் தொங்கக் கூடாது.

3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளின் நிறத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதாவாகவோ இருந்தாலும் அதே எச்சரிக்கைதான். குழாயையும் மாஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட முடியுமா என்று மகள் கேட்கட்டும். மாஸ்க் மூக்குப் பாலத்தை அழுத்தும், குழாய் நடுத்தண்டை அழுத்தும். மாற்றினால் ஒவ்வோர் இடத்துக்கும் ஓய்வு கிடைக்கும். ஆனால் கழற்றுவதும் மாட்டுவதும் ஊழியர் வேலை, வீட்டார் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: சி-பாப் கருவியில் இருக்கும் என் குழந்தைக்கு மூக்கு காய்ந்து பொருக்குத் தட்டுகிறது. தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவலாமா?
— ஒரு தாய், டோங்காட்

பதில்: வேண்டாம். எண்ணெய்ப் பசையில் பட்டை ஒட்டாது, குழாய் வழுக்கும். பொருக்குத் தட்டினால் வரும் காற்றில் ஈரம் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும். அது 37 டிகிரி அளவில் சூடேறி ஈரத்தோடு வர வேண்டும். ஈரப்பதக் கருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று சிஸ்டரைக் கேளுங்கள். பொருக்கை இளக்க ஓரிரு சொட்டு உப்புநீர் போதும், அதையும் அவர்களே விடட்டும்.

கேள்வி: ஆக்ஸிஜன் குழாயோடு குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டும் இடம் உரிகிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றலாமா?
— ஒரு தந்தை, பீனிக்ஸ்

பதில்: தோலின் மேல் முதலில் ஹைட்ரோகொல்லாய்டு துண்டு ஒட்டுங்கள். குழாயைப் பிடிக்கும் பிளாஸ்திரியை அதன் மேல் ஒட்டுங்கள். பிளாஸ்திரியை மாற்றினாலும் அடித்துண்டு நன்றாக ஒட்டியிருக்கும்வரை அப்படியே இருக்கட்டும். எடுக்கும்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஓரத்தை ஊறவைத்து, மேல்நோக்கி இழுக்காமல் தோலோடு படிய மெதுவாகச் சுருட்டி எடுங்கள். குழாய் போகும் வழியில் காதின் மேல்மடிப்பையும் தினமும் பாருங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். தோல் புண்ணாகிறதே என்று ஆக்ஸிஜனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

திருஷ்டி மையைக் கன்னத்தில் வைக்காமல் உள்ளங்காலில் வையுங்கள். கன்னத்தில் பட்டால் பிளாஸ்திரி பிடிக்காது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம். ஆக்ஸிஜன் துணியில் ஊறியிருந்தால் சின்னப் பொறியும் சட்டென்று பற்றிக்கொள்ளும். விளக்கை வேறு அறையில் ஏற்றுங்கள், கதவைச் சாத்துங்கள். லோட் ஷெட்டிங் என்னும் மின்வெட்டு நேரத்தில் மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்கள்.

கன்னத்திலோ மூக்கிலோ நீர் கசிந்தால், சீழ் வைத்தால், இடம் கருத்தால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.