ஸ்பானிஷில் வதந்தி பேச எந்தச் சொல்?

கேள்வி: மெக்சிகோ வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசியே ஸ்பானிஷ் பழகியவன் நான். இப்போது மாட்ரிட் அலுவலகத்துக்கு மாற்றல். வதந்தி, கிசுகிசு எல்லாவற்றுக்கும் ‘சிஸ்மே’ என்றே சொல்லி வருகிறேன். அங்கே சரிப்படுமா?

பதில்: புரிந்துகொள்வார்கள். ஆனால் மாட்ரிட்டில் பெயர் சட்டென்று வராத சாமானையும் சிஸ்மே என்பார்கள். ஒருவர் மேசையிலிருக்கும் ரிமோட்டைக் காட்டி ‘அந்தச் சிஸ்மேயைக் கொடு’ என்றால் குழம்ப வேண்டாம். ஊர்க்கதைக்கு அங்கே அன்றாடச் சொல் ‘கொத்தியேயோ’. அதில் ஆர்வம் உள்ளவர் ‘கொத்தியா’. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வடிவம்தான். நீங்கள் மெக்சிகோவில் கேட்ட ‘சிஸ்மோஸோ’ பெண்ணைக் குறித்தால் ‘சிஸ்மோஸா’ ஆகும். நண்பர் சிரித்துக்கொண்டே ‘நோ ஸேயாஸ் கொத்தியா’ என்றால் ‘ரொம்பத் துருவாதே’ என்று அர்த்தம். அதை மேலதிகாரியிடம் நீங்கள் திருப்பிச் சொல்லிவிடாதீர்கள்.

இவையெல்லாம் ஆட்களைப் பற்றிய பேச்சுக்கு. கம்பெனியை விற்கப்போகிறார்கள், சம்பளம் கூட்டப்போகிறார்கள் என்கிற மாதிரி விஷயத்துக்கு ‘ருமோர்’ என்பதே பொருத்தம். ‘கோர்ரே எல் ருமோர் தே கே வான் அ வெந்தேர் லா எம்ப்ரேஸா’: கம்பெனியை விற்கப்போவதாக ஒரு வதந்தி ஓடுகிறது. நடுவே வரும் ‘தே’யை விழுங்கிவிடாதீர்கள். ‘செ ருமோரேயா கே’ (வதந்தி உலவுகிறது) என்று தொடங்கினால் அந்தத் ‘தே’ தேவையில்லை.

நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. தமிழில் ‘விற்கப்போகிறார்களாம்’ என்று ஒரு ‘ஆம்’ ஒட்டினால் போதும், இது கேள்விப்பட்ட செய்தி என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். ஸ்பானிஷ் வினையில் அப்படி ஒட்டிக்கொள்ள விகுதி கிடையாது. வெறுமனே ‘வான் அ வெந்தேர்’ என்றால் நீங்களே உறுதி சொன்ன மாதிரி ஆகிவிடும். அலுவலகத்தில் இது வம்பு. அதனால் வாக்கியத்தின் தலையில் ‘தீசென் கே’ (சொல்கிறார்கள்), ‘போர் லோ விஸ்தோ’ (பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது), ‘அல் பரெசேர்’ (போலிருக்கிறது) இவற்றில் ஒன்றை வைத்துப் பேசுங்கள். பத்திரிகைகளில் மட்டும் ‘எல் மினிஸ்த்ரோ அப்ரீயா ரெனுன்சியாதோ’ என்று பார்ப்பீர்கள். அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டாராம் என்பதுதான் அது; லத்தீன் அமெரிக்க நாளிதழ்களில் இது சகஜம். பேச்சில் இந்த வடிவம் ஒட்டாது.

யார் சொன்னது என்று கேட்டால், நம்மைப் போலவே அவர்களுக்கும் ஒரு பட்சி சொல்லும்: ‘மே லோ ஆ தீச்சோ உன் பஹரீத்தோ’. ‘ஆறு சத்தம் போட்டால் தண்ணீர் ஓடுகிறது’ என்றொரு பழமொழியும் உண்டு. நம் ‘நெருப்பில்லாமல் புகையாது’தான். அதைச் சொன்னால் வதந்தியை நீங்களும் நம்புவதாகவே எடுத்துக்கொள்வார்கள், கவனம்.

அர்ஜென்டினா போனால் ‘சுஸ்மேயார்’ (வம்பு பேசுவது), சிலியில் ‘கோபூச்சா’ (கிசுகிசு) காதில் விழும். மாட்ரிட்டுக்கு அவை வேண்டாம். புது ஆளான உங்களிடம் யாராவது வாயைக் கிளறினால் ‘தே எஸோ நோ ஸே நாதா’, அதாவது ‘அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.