கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தலா?

கேள்வி: அமெரிக்காவில் கவர்னர் (நம்மூர் முதல்வர் மாதிரி, மாநில அரசின் தலைவர்) தேர்தலுக்கு முன்னால் 'பிரைமரி' என்று இன்னொரு தேர்தல் எதற்கு? கட்சித் தலைமையே வேட்பாளரை அறிவித்துவிட வேண்டியதுதானே?

பதில்: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, மூடிய அறைக்குள் நாலு பெரிய தலைகள் கூடி முடிவு செய்வார்கள், அது பிடிக்காமல்தான் 1900களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் போன்ற மாநிலங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாக்காளரிடமே கொடுத்தன. ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் கட்சியில் பதிவு செய்தவர்தான் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். ஜார்ஜியாவில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுபடி போட்டி. கலிஃபோர்னியா கதையே தனி: எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்பார்கள், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பர் பொதுத் தேர்தலுக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி! அங்கே 2018 செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) தேர்தலில் கடைசியில் மோதிய இருவருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான்.

பிரைமரிக்கு வருகிற கூட்டம் பொதுவாகக் குறைவு, அதிலும் கட்சி வெறி கொஞ்சம் தூக்கலானவர்களே தவறாமல் வருவார்கள். அதனால் அங்கே காரசாரமாகப் பேசி ஜெயித்தவர், அப்புறம் பொதுத் தேர்தலில் சாந்த சொரூபியாக மாற வேண்டியிருக்கிறது. பார்க்கச் சிரிப்புதான்!

கேள்வி: கவர்னர் பதவிக்காலம் எல்லா இடத்திலும் 4 வருடமா?

பதில்: நியூ ஹாம்ஷயரிலும் வெர்மான்ட்டிலும் மட்டும் 2. வர்ஜீனியாவில் 4 வருடம், ஆனால் அடுத்த முறை தொடர்ந்து நிற்க முடியாது.