சென்னையில் முதலீட்டுக்கு வீடு வாங்கும்போது மழை, வெள்ளத்தை எல்லாம் பார்க்க வேண்டுமா? லொகேஷனும் பட்டாவும் சரியாக இருந்தால் போதாதா?

போதாது. நீங்கள் தாம்பரம் பக்கம்தான் இடம் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விலையும் கொஞ்சம் மலிவாக வந்திருக்கும், அதனால்தான் இந்தக் கேள்வி.

நான் 2013 மே மாதம் தாம்பரத்துக்குப் பக்கத்தில் முடிச்சூரில் ஒரு தனி வீடு வாங்கினேன். அக்னி நட்சத்திரம், தெருவெல்லாம் புழுதி. "வாடகை அள்ளும் சார்" என்றார் புரோக்கர். அப்ரூவல், பட்டா, முப்பது வருட வில்லங்கம் எல்லாம் சுத்தம். வாசலில் மூன்று படிதான், ஆனால் எதிர்வீட்டில் ஈபி மீட்டரை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். பசங்க கை வைக்காமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன்.

2015 டிசம்பர் 1, 2. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. குடியிருந்தவர் மொட்டைமாடியிலிருந்து போன் செய்து, "சார், ஃபிரிட்ஜ் மிதக்குது" என்றார். வடிந்தபின் போய்ப் பார்த்தால் சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே சேற்றுக்கோடு. கதவெல்லாம் ஊறி உப்பிப்போய்ச் சாத்தவே முடியவில்லை. அவர் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போனார். ஏழு மாதம் வீடு பூட்டியே கிடந்தது. நான் மட்டும் ஈஎம்ஐ கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளத்துக்கு எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் திட்டுவார்கள். அந்த உபரிநீர் திருநீர்மலை பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது, நாங்கள் ஆற்றின் போக்கில் அதற்கு மேலே இருக்கிறோம். எங்களுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீர். இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

இதே வீட்டில் 2019 கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கினோம்.

"பேராசைப்பட்டு வாங்கிவிட்டு மழையைக் குறை சொல்கிறாயா" என்று யாராவது கேட்பீர்கள். பேராசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாதச் சம்பளக்காரனுக்கு தி. நகரிலா கிடைக்கும்? இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் உண்டு. லோன் கொடுத்த வங்கியில் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று ஒரு தொகையைக் கடனோடு சேர்த்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு விசாரித்தால் அது என் உயிருக்காம், வீட்டுக்கு இல்லையாம். நான் செத்திருந்தால் லாபம். கையெழுத்துப் போடும்போது ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. 

இப்போது யாராவது கேட்டால் சொல்வது இதுதான். சர்வே எண்ணை வைத்து எஃப்எம்பி வரைபடம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டுவது), அ-பதிவேடு (எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு) இரண்டையும் பாருங்கள். பக்கத்து எண் ஓடை, வாய்க்கால், ஏரி என்று இருந்தால் அப்ரூவல் இருந்தும் புண்ணியமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை அடித்த மறுநாள் போய், புரோக்கரை விட்டுவிட்டு இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். பழைய வீடு என்றால் ரோட்டைவிட எத்தனை படி மேலே என்று எண்ணுங்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ஒரு படி குறையும். என் வீட்டில் மூன்றில் இப்போது ஒன்றுதான் மிச்சம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அதுவும் முழுகியது.

விற்கலாம் என்றால் வருகிறவர்கள் பட்டாவைக்கூடக் கேட்பதில்லை. நேராகச் சுவரைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.