தண்ணீர் வழிப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சாந்தி கல்யாணம் (எங்கள் அறுபதாம் கல்யாணம்) முடிந்த கையோடு எங்கள் இருவரையும் ஆலப்புழை ஹவுஸ்போட்டில் ஒரு ராத்திரி தங்க வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கேட்கிற வாடகையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. தகுமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

ஆச்சி, பிள்ளைகள் ஆசையாகக் கூப்பிடும்போது குறுக்கே நிற்க மனசில்லை, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். நாங்கள் ஆறு பேர் ஒருதடவை தங்கினோம். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல்தான் ஏற்றினார்கள், சாப்பாட்டுக்கு ஓரமாகக் கட்டினார்கள், சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடி கட்டியவர்கள் விடியும்வரை அவிழ்க்கவில்லை. ராத்திரியில் மீனவர்கள் வலை போடுவதால் ஹவுஸ்போட் ஓடக்கூடாது, அது அங்கே விதி, நியாயமான விதியும்கூட. அதை முன்னாலேயே சொல்லாமல் பணம் வாங்கினார்களே, அதுதான் எனக்குக் கோபம். ஏசியும் ஒன்பது மணிக்குத்தான் போட்டார்கள். ஆகமொத்தம் படகு நகர்ந்தது நான்கு மணி நேரம் இருந்தால் அதிகம், மிச்ச நேரமெல்லாம் பக்கத்துப் படகுக்காரர்கள் அலறவிட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டு கிடந்தோம்.

அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். ஆலப்புழை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகுத்துறை இருக்கிறது. அங்கே கோட்டயம் போகிற படகில் ஏறி உட்காருங்கள். இரண்டரை மணி நேரப் பயணம், டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், அரிசி மூட்டை, வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதில்தான். மேலே சுக்கான் பிடிக்கிறவரை ஸ்ராங்கு என்கிறார்கள், என்ஜின் பார்ப்பவர் தனி ஆள், அவர் கீழே. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மணிக்கயிறு. ஸ்ராங்கு கயிற்றை இழுத்தால் கீழே மணி அடிக்கும், வேகம் குறையும், லஸ்கர் என்கிற படகு ஊழியர் கையில் வடத்தோடு துறைக்குத் தாவி மரத்தூணில் ஒரு சுற்றுச் சுற்றுவார். அவர் முடிச்சுப் போடுவதற்குள் நாலு பேர் இறங்கி ஐந்து பேர் ஏறியிருப்பார்கள். நான் பார்த்தபோது ஒரு பாட்டி அந்தச் சந்தடியிலும் கையில் இருந்த முட்டைக் கூடையை ஆடாமல் அசையாமல் கொண்டு இறங்கினார்.

படகு புன்னமடைக் காயலைத் தாண்டி வேம்பநாட்டு ஏரிக்குள் போன பிறகு, ஆர் பிளாக் என்கிற வயல் பகுதி வரும்போது எழுந்து நின்று பாருங்கள். நமக்குக் கண்மாய் மேலே, வயல் கீழே, மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் பாயும். அங்கேயும் ஏரி மேலேதான், வயல் கீழேதான், ஆனால் வயலில் இருக்கிற தண்ணீரை இறைத்து ஏரிக்குத் தள்ளுகிறார்கள். குட்டநாட்டு நிலம் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது, அதனால்தான். கண்மாய்க்குள் மிதந்துகொண்டு, கரைக்கு அந்தப்பக்கம் தாழக் கிடக்கிற நெற்பயிரைப் பார்ப்பது மாதிரி இருக்கும். தண்ணீருக்கு ஏங்கிப் பழகிய நமக்கு அதை நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

ஒரே எச்சரிக்கை: சில சமயம் படகு கோட்டயம்வரை போகாமல் காஞ்சிரத்திலேயே நின்றுவிடும், கேட்டுவிட்டு ஏறுங்கள். பிள்ளைகளிடமும் பேசிப் பாருங்கள், மிச்சமாகிற பணத்தில் ஆளுக்கொரு கைத்தறிக் கண்டாங்கி எடுக்கலாம்.

கேள்வி: காரைக்குடியிலிருந்து ஆலப்புழை, கோட்டயம் பக்கம் நேரடி ரயில் உண்டா?
– ஒரு வாசகர், கோட்டையூர்

உண்டு. வேளாங்கண்ணி–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ், வாரம் இரண்டு நாள். செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாகக் கோட்டயம் போகிறது. கோட்டயத்தில் இறங்கி அங்கிருந்து ஆலப்புழைக்குப் படகில் போனால் மேலே சொன்னதே தலைகீழாக அமையும். மழைக்காலம் வேண்டாம், கார்த்திகைக்குப் பிறகு போங்கள்.

கேள்வி: ஹவுஸ்போட்டாக மாற்றுகிற கெட்டுவள்ளத்தில் ஓர் ஆணிகூடக் கிடையாதாமே, நிஜமா?
– கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

பழைய முறையில் செய்த உடம்புக்கு நிஜம். ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் தேங்காய் நார் திணித்து, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற கறுப்பு எண்ணெயைப் பூசுவார்கள். முன்பெல்லாம் நெல்லும் சரக்கும் ஏற்றிய படகு அது. நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு அடித்துப் பூசியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது என்று நினைக்கிறேன். அதன்மேல் இப்போது கட்டுகிற படுக்கையறையில் ஆணி இருக்கிறது, என் சட்டையே அதில் மாட்டிக் கிழிந்தது!

கேள்வி: கேரளாவெல்லாம் தூரம். பக்கத்தில் ஒன்றும் இல்லையா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

ஏன் இல்லை? தொண்டிக்குத் தெற்கே காரங்காடு இருக்கிறது, வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் முத்துப்பேட்டை. திருவாரூர் ரயிலிலேயே போகலாம், ஜாம்பவானோடையில் படகேறி ஆற்று வழியாகக் காயலுக்குப் போவார்கள். இருபக்கமும் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கடல் வற்றுகிற நேரத்தில் படகு தரை தட்டும், முதல்நாளே விசாரித்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிச்சாவரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே மட்டும் மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகுதான் குறுகலான சந்துகளுக்குள் நுழையும். தில்லை மரக் கிளையை ஒடிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

கேள்வி: நீச்சல் தெரியாது. தண்ணீரைப் பார்த்தாலே கை கால் நடுங்குகிறது. போகலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

ஐயாமார் கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வி! சும்மா சொன்னேன், பயம் நல்லதுதான். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். அதனால் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், உள்ளே இருக்கிற தலைகளை எண்ணுங்கள், கூடுதலாக இருந்தால் கொடுத்த காசு போனாலும் இறங்கிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு போட்டோ எடுக்காமல் வார் இழுத்து மாட்டுங்கள். இருட்டிய பிறகு உல்லாசப் படகில் ஏறவே வேண்டாம்.

கேள்வி: அரசுப் படகில் சாப்பாடு கிடைக்குமா?
– முதல் கேள்வி கேட்ட அதே வாசகி, தேவகோட்டை

கிடைக்காது, ஆச்சி. தூக்குவாளியில் புளியோதரை, ஒரு டப்பாவில் சீப்புச் சீடை போதும். படகில் ஏறுவதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய் வந்துவிடுங்கள். சாப்பிட்ட இலையை மட்டும் வெளியே வீசிவிடாதீர்கள். கரையோர வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டுதான் படகு போகும், அந்தத் தண்ணீரில் யாராவது சோற்றுப்பானை கழுவிக்கொண்டிருப்பார்கள்.