பள்ளியில் மகனை வதைக்கிறார்கள். புகார் கொடுத்தால் அவனையே இழந்துவிடுவேனோ?

கேள்வி: நான் தமிழ்நாட்டில் வேலை பார்க்கும் பெண். ஏழு வருடங்களுக்கு முன் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. மகன் என் பொறுப்பில் என்று தீர்ப்பில் இருக்கிறது. அவனுக்கு 12 வயது, தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஐந்து வருடமாக நானும் என் துணைவியும் சேர்ந்து வாழ்கிறோம். பள்ளியில் அவரை என் அக்கா என்று வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்தேன். இந்த வருடம் உண்மை தெரிந்துவிட்டது. "உனக்கு ரெண்டு அம்மாவாமே" என்று ஆரம்பித்து, வாட்ஸ்அப் குரூப்பில் எங்கள் படத்தைப் போட்டு அசிங்கமாக எழுதுகிறார்கள். வகுப்பு ஆசிரியை எல்லார் முன்னாலும் "உங்க வீட்ல யார் யார்தான் இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். போன மாதம் கழிப்பறையில் நாலு பையன்கள் சூழ்ந்துகொண்டு, இவன் ஆம்பளையா என்று பார்ப்போம் என்று கால்சட்டையைக் கழற்றப் பார்த்தார்கள். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை, துணைவியிடம்தான் சொன்னான். முதல்வரிடம் போனால், "வீட்டுச் சூழல் அப்படி, பையனை கவுன்சிலிங் கூட்டிப் போங்க, இல்லேன்னா டி.சி. வாங்கிக்கங்க" என்கிறார். புகார் கொடுத்தால் அவன் அப்பா காதுக்குப் போய், கஸ்டடி கேட்டு வந்துவிடுவாரோ என்று பயம். துணைவி, தான் வேறு வீடு பார்த்துப் போய்விடுவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயத்தை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். கழிப்பறையில் நடந்ததைச் சொல்கிறேன். அதைச் சீண்டல், விளையாட்டு என்று யாரும் உங்களிடம் சமாதானம் சொல்ல விடாதீர்கள். ஒரு குழந்தையின் உடையைப் பலவந்தமாகக் கழற்ற முயல்வதைக் காவல்துறை குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் சட்டம் ஆண் குழந்தைக்கும் அதே பாதுகாப்பைத் தருகிறது. எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை விசாரணை முடிவு செய்யட்டும். ஆனால் இப்படி ஒரு குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரிந்த எவரும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. தெரிவிக்காமல் இருப்பதற்கு பிரிவு 21-இல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. இது உங்கள் பள்ளி முதல்வருக்கும் பொருந்தும். டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னவர், முதலில் தன் கடமையைச் செய்தாரா என்று நீங்கள் எழுத்தில் கேட்கலாம். உங்களுக்கும் அந்தக் கடமை இருக்கிறது, அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். 1098 குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லலாம், இல்லையென்றால் மாவட்டத்தின் சிறார் காவல் பிரிவுக்குப் போகலாம். மகனை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்களோ என்று பதற வேண்டாம். அவன் வாக்குமூலத்தை வீட்டிலோ, அவன் விரும்பும் வேறு இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். அவன் பெயரையோ அடையாளத்தையோ ஊடகத்தில் வெளியிடவும் தடை இருக்கிறது.

அந்த நாலு பேரும் குழந்தைகள்தான் என்பது உங்களை உறுத்தும். என்னையும் உறுத்துகிறது. அவர்களைச் சிறைக்கு அனுப்பும் ஏற்பாடு சட்டத்தில் இல்லை. அவர்கள் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இந்த வயதுப் பிள்ளைகளை அறிவுரை சொல்லி, பெற்றோரோடு சேர்த்து ஆலோசனை கொடுத்து வீட்டுக்கு அனுப்ப அந்தக் குழுமத்தால் முடியும். அந்தப் பிள்ளைகளுக்கும் யாராவது ஒருவர் இதை நிறுத்தச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். சத்தம் போடாமல் இருந்தால் கஸ்டடி பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. குழந்தைப் பொறுப்பு வழக்கில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலன். நாளை அவன் அப்பா மனு போட்டால், "பையன் ஒரு வருடமாக அடி வாங்கினான், தாய் எதுவும் செய்யவில்லை" என்பதுதான் அவர் கையில் இருக்கும் வலுவான வாதம். தேதியிட்ட புகார்கள், ஒப்புகைச் சீட்டுகள், மருத்துவர் குறிப்பு எல்லாம் உங்கள் கையில் இருந்தால் அந்த வாதம் நிற்காது. மகன் விவரம் தெரிந்த வயதில் இருக்கிறான். அவன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

சேர்ந்து வாழ்வதைக் காட்டிப் பிள்ளையைப் பறித்துவிட முடியுமா? 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, தன்பாலினத்தவரானாலும் வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை. குடும்பம் என்பது தன்பாலின உறவின் வடிவிலும் இருக்கலாம் என்று தீபிகா சிங் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் எழுதியது. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்று இல்லை என 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது, பெற்றோரால் வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில். இவை எதுவும் நேரடியாகக் கஸ்டடி பற்றிய தீர்ப்புகள் இல்லை. விவாகரத்து இந்து திருமணச் சட்டப்படி நடந்திருந்தால், பிரிவு 26-இன் கீழ் கஸ்டடி உத்தரவை மாற்றக் கேட்டு பையனின் அப்பா மனு போடலாம். அதைத் தடுக்க வழியில்லை. உங்கள் உறவு மகனுக்குக் கெடுதல் செய்தது என்று காட்ட வேண்டிய சுமை அவருடையது. ஐந்து வருடமாகச் சாப்பாடு, படிப்பு, காய்ச்சல், பரீட்சை என்று அவனோடு நிற்கும் ஒருவரை எதிர்த்து அதைக் காட்டுவது எளிதல்ல.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அக்கா என்று வாயால் சொன்னது குற்றமாகாது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் எந்தத் தாளிலும் இனி அப்படி எழுதாதீர்கள். பின்னால் குறுக்கு விசாரணையில் அதையே எடுத்துக் கேட்பார்கள். அதற்காகப் புகாரில் உங்கள் உறவை விளக்கவும் வேண்டாம். பாலீர்ப்பு ஒருவரின் அந்தரங்கத்துக்குள் அடங்கும் என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இலேயே சொல்லிவிட்டது. "என் மகனின் குடும்பத்தைக் குறிவைத்து இழிவாகப் பேசுகிறார்கள், தாக்குகிறார்கள்" என்று எழுதினால் போதும். என்ன தேதி, எந்த இடம், யார் சொன்னது, யார் பார்த்தது, ஆசிரியரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதை எழுதுங்கள். "அந்தப் பெண்மணி யார்?" என்று கேட்டால், "புகார் என் மகனுக்கு நடந்ததைப் பற்றியது, அதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். விசாரணையைப் பள்ளிக் கழிப்பறையிலிருந்து உங்கள் வீட்டுக் கூடத்துக்கு நகர்த்தத்தான் முதல்வர் பார்க்கிறார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஆசிரியை வகுப்பில் கேட்டது தனி விஷயம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, குழந்தையை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். அதே சட்டத்தின் பிரிவு 16, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றத் தடை விதிக்கிறது. அதனால் டி.சி. மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை. நீங்களாகக் கேட்டு வாங்கினால் மட்டுமே அது அவர்களுக்குச் சாதகம். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது, 2014-இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நிலையிலும் போக்சோவும் இளைஞர் நீதிச் சட்டமும் அப்படியே பொருந்தும்.

பள்ளித் தாளாளருக்கும் முதல்வருக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள், நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32-இன் கீழ் வரும் குறையை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அது திருப்தி தராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். புகாரில் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவையும் குறிப்பிடுங்கள். பால்புதுமையரை (தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் போன்றோரை) பற்றிப் பெற்றோருக்குப் புரிய வைக்கப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதில் சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப் பதிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததோடு நிற்காமல், அவை வந்த போனையே அழிக்காமல் வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணத்துக்கு பிரிவு 63-இன்படி சான்று கொடுக்க வேண்டியிருக்கும்.

கவுன்சிலிங் பற்றி முதல்வர் சொன்னதில் பாதி சரி. பையனுக்குப் பேச ஆள் வேண்டும். உங்களிடம் சொல்லாமல் உங்கள் துணைவியிடம் அவன் சொன்னதைக் கவனித்தீர்களா? அம்மா உடைந்துவிடுவாளோ என்று அவன் உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறான். பள்ளி நினைப்பதுபோல இவனைத் திருத்துவதற்காக அழைத்துப் போகாதீர்கள். யாராவது இவனையோ உங்களையோ "மாற்றிக் காட்டுகிறேன்" என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்துவிட்டது. பள்ளிப் பதிவேட்டில் "வீட்டுச் சூழல் சரியில்லை" என்று எழுதியிருந்தால், அதை நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

துணைவிக்கு இன்று சட்டப்படி பெற்றோர் அந்தஸ்து இல்லை. தன்பாலினத் திருமணம் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு திருமண உரிமையையும் தரவில்லை, இருவரும் சேர்ந்து தத்தெடுப்பதையும் அனுமதிக்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான். ஆனால் பள்ளிக்கு நீங்கள் ஒரு அனுமதிக் கடிதம் கொடுக்கலாம். பையனை அழைத்துப்போக, பெற்றோர் கூட்டத்துக்கு வர, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள அவருக்கு அனுமதி என்று எழுதிக் கொடுங்கள். உயிலில் அவரைக் காப்பாளராக எழுதினாலும், அப்பா உயிரோடு இருக்கும்வரை அது அப்பாவின் உரிமையைத் தாண்டிப் போகாது. இருந்தும் எழுதி வையுங்கள். காப்பாளரை நியமிக்கும்போது, இறந்த பெற்றோரின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும்.

துணைவி வேறு வீட்டுக்குப் போகவே வேண்டாம். எந்தச் சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. தன்னால்தான் அவர் போனார் என்று பையன் நினைத்துக்கொள்வான். இனி வீட்டில் எதையும் சொல்லவும் மாட்டான்.

முதல் புகாரை அனுப்பும் முன் விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கட்டணத்துக்கு யோசிக்க வேண்டாம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100.