அது ஒன்றும் பெரிதில்லை என்று எழுதினீர்களே, அம்மணி

கேள்வி: எனக்கு 41 வயது. பல்லடம் பக்கம் ஒரு கிராமம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 ஆண்டுகளாகச் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். இனியாவது எனக்கென்று ஏதாவது செய்யலாம் என்றால், எனக்கு எது நன்றாக வரும் என்றே தெரியவில்லை. பத்து நாள் அதிகாலையில் உட்கார்ந்து என்னைப் பற்றி யோசித்தேன். குறைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. போன மாதம் ஒரு மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் எனக்கும் மகளுக்கும் விரல் ரேகைப் பரிசோதனை செய்தார்கள், ஆளுக்கு 4,500 ரூபாய். எனக்கு இசைத்திறன் அதிகம் என்று அறிக்கை சொல்கிறது. நான் பாடியதே இல்லை. ஆனால் குணத்தைப் பற்றி எழுதியிருப்பதில் பாதி அப்படியே பொருந்துகிறது. அடுத்து மூன்று நாள் ‘உன்னை அறி’ முகாமாம், 18,000 ரூபாய். முன்பணம் 3,000 கொடுத்துவிட்டேன். போகலாமா? எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை ஆறு ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன், அது ஒன்றும் பெரிதில்லை. வேறு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

பதில்: போகாதீர்கள், அம்மணி. மீதி 15,000 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கொடுத்த பணத்தை எப்படிக் கேட்பது என்று கடைசியில் சொல்கிறேன். ‘இலவச முகாம், ஆளுக்கு 4,500 ரூபாய்’ என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போதே உறுத்தியிருக்குமே?

முதலில் அந்த ரேகைச் சமாச்சாரத்தை முடித்துவிடுவோம். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, ஏறக்குறைய ஆறாம் மாதத்துக்குள், விரல் ரேகை உருவாகிவிடுகிறது. பிறகு ஆயுசுக்கும் மாறாது. இது உண்மை. சில பிறவிக் குறைபாடுகளில் உள்ளங்கை ரேகை வேறு மாதிரி இருக்கும் என்பதும் உண்மை. மனிதருக்குப் பலவகை அறிவு உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் எழுதியதும் உண்மை. அவர் தம் கோட்பாட்டை விரல் ரேகையோடு சேர்க்கவில்லை. இந்த மூன்றையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி, ‘இந்த விரலில் சுழி இருக்கிறது, ஆகவே இசை’ என்று எடுத்து நீட்டுகிறார்களே, அதற்குத்தான் ஆதாரம் கிடையாது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லிவிட்டது. சங்கத்தின் அறிக்கை எங்கோ கோப்பில் கிடக்கிறது. ரேகை எடுக்கும் கருவி மட்டும் ஊர் ஊராக மண்டபத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது.

சுழி பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கண்ணபுரம் சந்தையில் காளை வாங்குகிறவர் சுழி பார்க்காமல் வாங்க மாட்டார். ஆனால் சுழியை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தவரை நான் கண்டதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார், முடிந்தால் வண்டியில் பூட்டியும் பார்ப்பார். மாட்டை நடக்கவிட்டுப் பார்க்கிற ஊரில் பெற்ற பெண்ணின் படிப்பை விரலைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

‘பாதி அப்படியே பொருந்துகிறது’ என்கிறீர்கள். பொருந்தத்தான் செய்யும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் சொன்னார், 39 பேருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை, வாக்கியங்களைச் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தேன் என்று. ‘வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில நேரம் தயங்குவீர்கள்’ என்ற வரி உங்கள் அறிக்கையில் இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். அவரும் தனக்கென்றே எழுதியது போல் இருக்கிறது என்பார்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டில், உளவியலாளனான என் அறைக்கே ஒருவர் வந்தார். அறிக்கைகளின் அடியில் என் கையெழுத்து இருந்தால் போதும், பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்திருந்தார். பள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார், மஞ்சள் மண்டியில் தரகு பேசுவது போல. பள்ளியின் பெயரையும் சொன்னார். நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் டீக்கடை போட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். ‘மைண்ட் கோச்’ என்று மாட்டிக்கொண்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. படித்துப் பதிந்து உட்கார்ந்திருக்கிறவன்தான் காகிதம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். போகட்டும், உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து நாள் யோசித்தும் ஏன் குறைகளே வந்தன? உங்கள் வேலையை நினைத்துப் பாருங்கள். காலையில் மேசைமேல் துணி வந்து விழுந்ததும் உங்கள் கண் என்ன தேடுகிறது? ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், நிற மாற்றம். கண்டதும் அம்புக்குறி ஸ்டிக்கரைக் கிழித்து அந்த இடத்தில் ஒட்டுகிறீர்கள். குறையில்லாத பீஸ் எத்தனை போனது என்று உங்கள் மனம் எண்ணுவதில்லை. அது தானாக அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுகிறது. 14 ஆண்டுகள் அப்படிப் பழகிய கண்ணை அதிகாலை ஐந்து மணிக்கு உங்கள் மேலேயே திருப்பினீர்கள். அது தன் வேலையைத்தான் செய்தது. உடம்பு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிவிட்டது.

அத்துடன், கண்ணை மூடிக்கொண்டு ‘நான் ஏன் இப்படி’ என்று யோசிப்பது செக்குமாடு சுற்றுவது போன்றது. நடந்த களைப்பு இருக்கும், தூரம் போயிருக்காது. நான் யார் என்ற கேள்வியைச் சாமியார்களுக்கு விட்டுவிடுங்கள். இன்று நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மூன்று வாரம், இரவு பாத்திரம் கழுவி முடித்தபின், மூன்று வரி போதும். இன்று யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது என்ன? யார், எதற்காக என்னிடம் வந்தார்கள்? எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை? நிபந்தனை ஒன்றுதான்: குணப்பெயர் எழுதக் கூடாது. ‘பொறுமையாக இருந்தேன்’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள். ‘புதிதாக வந்த ஒடிசாப் பெண்ணுக்குச் சம்பளத்தில் இரண்டு நாள் குறைந்திருந்தது, வருகைப் பதிவை எடுத்துப் பார்த்து, சூப்பர்வைசரிடம் தேதியைக் காட்டிக் கேட்டேன்’ என்று எழுதுங்கள். முதல் வரியிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் கணக்கில் பிசகைக் கண்டுபிடிப்பது, மொழி தெரியாதவரிடம் விஷயத்தைக் கேட்டு வாங்குவது, மேலே இருப்பவரிடம் சண்டையில்லாமல் பேசுவது என்று மூன்று காரியம் இருக்கின்றன.

எழுதும்போது உங்கள் கை ‘அது ஒன்றும் பெரிதில்லை’ என்று எழுதப் போகும். அந்த இடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நமக்குச் சுலபமாக வருவதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை; எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். குழுவில் மற்றவர்களை ஒரு மாதம் அந்தக் கணக்கை எழுதச் சொல்லிப் பாருங்கள். ஆறு ஆண்டுகளாக ஏன் அந்த நோட்டு உங்களைவிட்டு நகரவில்லை என்பது தெரிந்துவிடும். வாராவாரம் சேமிப்பு, கடன், வட்டி, வங்கிப் பாஸ்புக் எல்லாம் ஒத்துப்போக எழுதுவதும், பணம் கட்டாதவரிடம் முகம் கோணாமல் கேட்டு வாங்குவதும் பெரிதில்லையா? கடிதத்தில் நீங்கள் கடைசியில் தூக்கிப்போட்ட வரியைத்தான் நான் முதலில் படித்தேன்.

மூன்று வாரம் முடிந்ததும் மூன்று பேரிடம் கேளுங்கள். நம் படபடப்பு, பயம் போன்றவை நமக்குத்தான் நன்றாகத் தெரியும். நம் அறிவுக்கூர்மை போன்றவற்றைப் பழகியவர்கள் நம்மைவிடச் சரியாக எடை போடுகிறார்கள். சிமின் வசீர் என்ற உளவியலாளரின் 2010-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது இதுதான். ஆனால் ‘என் பலம் என்ன?’ என்று நேராகக் கேட்டுவிடாதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும். ‘பரவாயில்லை’ என்பதுதான் இங்கே முதல் பரிசு. ‘போன வருடம் எந்தக் காரியத்துக்கு என்னைத் தேடி வந்தீர்கள்? வேறு யாரிடமும் ஏன் போகவில்லை?’ என்று கேளுங்கள். உறவில் நங்கையாள் ஒருவர், கம்பெனியில் ஒருவர், குழுவில் ஒருவர் போதும். கணவரைக் கேட்க வேண்டாம். அவருக்கு இது கேள்வியாகத் தெரியாது, குறை சொல்வதாகத் தெரியும்.

இனி ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகவே. பவானிப் பக்கம் ஜமக்காளம் நெய்கிற ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். இதே நோட்டு, இதே மூன்று வரி கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்தார். 21 நாளும் ‘ஒன்றுமில்லை’ என்றே எழுதியிருந்தது. சோம்பல் என்று நினைத்து இன்னும் மூன்று வாரம் எழுதச் சொன்னேன். அது என் தவறு. அவர் சரியாகச் சாப்பிட்டு, தூங்கி மாதக்கணக்கில் ஆகியிருந்தது; மனச்சோர்வு நோய் முற்றியிருந்தது. அவர் மனைவி வந்து சொன்ன பிறகுதான் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். மருந்தில் தேறினார். அந்த நோய் இருக்கும்போது மனம் தன்னைப் பற்றிச் சொல்வது பொய்ச் சாட்சி. எவ்வளவு எழுதினாலும் பொய்தான் சேரும்.

ஆகையால் கேட்கிறேன், அம்மணி. அதிகாலையில் எழுவதாக எழுதியிருக்கிறீர்கள். எழுகிறீர்களா, தூக்கம் கலைந்துவிடுகிறதா? இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், பசி குறைந்து, அழுகை முட்டிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் நோட்டை மூடிவைத்துவிட்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. மனச்சோர்வு இல்லாவிட்டாலும், இந்த வயதில் இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே போலச் சோர்வைத் தரும். ‘எனக்கு ஒன்றும் வராது’ என்ற நினைப்பு சில பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையில் பாதி தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு இரத்தப் பரிசோதனையை முதலில் செய்துவிடுங்கள். 18,000 ரூபாய் முகாமில் இதை யாரும் கேட்க மாட்டார்கள்.

உடம்பு சரி என்றால், நோட்டில் தெரிவதை நடக்கவிட்டுப் பாருங்கள். வேலையை விட வேண்டாம், கடன் வாங்கித் தையல் மெஷின் போட வேண்டாம். செக்கிங் மேசையின் தினசரி அறிக்கையை ஒரு மாதம் நான் எழுதிப் பார்க்கிறேன் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கணக்கு சரியாக நிற்காத பக்கத்துக் குழு ஒன்றுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். தொடங்கும் நாளில், இதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் முக்கிய முடிவுகளுக்கெல்லாம் அப்படி எழுதிவைத்து, ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்து எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நமக்கு அது நீண்ட காலம் இல்லை. வைகாசியில் மஞ்சள் ஊன்றினால் தையிலோ மாசியிலோதான் வெட்டுகிறோம். நடுவில் தோண்டிப் பார்ப்பதில்லை.

மகளின் அறிக்கையை அவள் படிப்பைப் பற்றி எந்தப் பேச்சிலும் எடுக்காதீர்கள். அவளுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

முன்பணம்: முகாம் தேதிக்கு முன்பே, வரவில்லை, 3,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதி வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசினால் ‘அடுத்த முகாமில் சேர்த்துக்கொள்கிறோம்’ என்பார்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். ரசீதைக் கேட்டால் நகலைக் கொடுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு ஆண்டுகள் குழுக் கணக்கு எழுதியவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.