3 வருட எம்.டி., கூடவே ரெசிடென்சி இடம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் ரட்கர்ஸில் பயாலஜி மூன்றாம் வருடம் படிக்கிறாள். ஜனவரியில் எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். மூன்றே வருடத்தில் எம்.டி. முடித்து, ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் துறைப் பயிற்சி) இடமும் முன்கூட்டியே உறுதியாகக் கிடைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன என்கிறாள். எங்கள் வட்டத்தில், "அதெல்லாம் ஹைஸ்கூல் முடிச்ச கையோட சேர்ந்திருக்கணும், இப்போ லேட்" என்கிறார்கள். எதை நம்புவது?
- ஒரு அம்மா, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: லேட் எல்லாம் இல்லை, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். உங்கள் வட்டத்தில் இரண்டு வேறு திட்டங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஹைஸ்கூல் முடித்ததும் சேருவது பிஎஸ்-எம்டி, அதாவது டிகிரியும் மருத்துவமும் சேர்ந்த திட்டம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் 8 வருடத் திட்டமும், கான்சாஸ் சிட்டியில் மிசூரி பல்கலைக்கழகம் நடத்தும் 6 வருடத் திட்டமும் அந்த வகைதான். அவை உறுதி தருவது மருத்துவக் கல்லூரி இடத்துக்கு. ரெசிடென்சிக்கு அந்தப் பிள்ளைகளும் மற்றவர்கள் மாதிரியே போட்டி போட வேண்டும். உங்கள் மகள் சொல்வது டிகிரி முடித்த பிறகு சேருகிற 3 வருட எம்.டி. (அமெரிக்காவில் எம்.டி. என்பது இந்தியாவின் எம்.பி.பி.எஸ். மாதிரி அடிப்படை மருத்துவப் பட்டம்). இதற்கு அவள் சரியான நேரத்தில்தான் இருக்கிறாள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிராஸ்மன் மருத்துவக் கல்லூரி 2013-ல் 3 வருடப் பாதையைத் தொடங்கியது. 2018 ஆகஸ்டில் படிப்புக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். அதே பல்கலைக்கழகம் லாங் ஐலண்டில் மினியோலா என்ற ஊரில் 2019-ல் திறந்த கல்லூரியில் எல்லாருக்குமே 3 வருடம்தான், அங்கும் கட்டணம் கிடையாது. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு, பொது அறுவை சிகிச்சை ஆகிய துறைகளுக்கு அங்கேயே ரெசிடென்சி இணைப்பு உண்டு. உங்கள் மாநிலத்திலேயே நட்லியில் ஹாக்கன்சாக் மெரிடியன் கல்லூரி இருக்கிறது. அங்கே அடிப்படைப் பாடம் 3 வருடத்தில் முடிந்துவிடும், அதன்பின் நான்காவது வருடம் படிக்கலாம் அல்லது அவர்கள் மருத்துவமனைகளிலேயே ரெசிடென்சிக்குப் போகலாம். வடஅமெரிக்கா முழுக்க இப்படிப்பட்ட கல்லூரிகள் 30-க்கும் மேல் சேர்ந்து ஒரு கூட்டமைப்பே வைத்திருக்கின்றன.

சரி, ஒரு வருடம் எங்கே மிச்சமாகிறது? அங்கீகாரம் தரும் அமைப்பு கேட்பது குறைந்தது 130 வாரப் பாடம். 4 வருடப் படிப்பில் முதல் வருடக் கோடை விடுமுறை இருக்கிறது, கடைசி வருடத்தில் விருப்பப் பாடங்களும் வெளியூர் மருத்துவமனை ரொட்டேஷன்களும் (சுழற்சிப் பயிற்சி) ரெசிடென்சி நேர்காணல்களும் நிறைய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. 3 வருடக்காரர்களுக்கு அந்த ஓய்வு இல்லை. சில இடங்களில் மற்றவர்களைவிடச் சில வாரம் முன்னதாகவே வகுப்பு தொடங்கிவிடும், மற்றவர்கள் ஊருக்குப் போகிற கோடையில் இவர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த துறையின் டாக்டர்களோடு வார்டில் நிற்பார்கள். வெளியூர் ரொட்டேஷன் போய் வேறு மருத்துவமனைகளில் தன்னைக் காட்டிக்கொள்ள இவர்களுக்கு நேரமே கிடைக்காது, அதனால்தான் கல்லூரி தன் சொந்த ரெசிடென்சியில் இடம் வைத்துக் காத்திருக்கிறது. அதை ஒரு சலுகை என்று மட்டும் பார்க்காதீர்கள், அந்த உறுதி இல்லாமல் 3 வருடத்தில் படிப்பை முடிக்கத் துணிகிறவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "உறுதி" என்று எழுதியிருந்தாலும் அது நிபந்தனையோடு வருவது. பெரும்பாலான இடங்களில் உங்கள் மகளும் மூன்றாம் வருட இலையுதிர்காலத்தில் மற்றவர்களைப் போலவே ரெசிடென்சி விண்ணப்பம் போடுவாள், மாணவர்களையும் ரெசிடென்சி இடங்களையும் பொருத்தும் மேட்ச்சில் பதிவு செய்வாள், தன் விருப்ப வரிசைப் பட்டியலைச் சமர்ப்பிப்பாள், மார்ச் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவுக்குக் காத்திருப்பாள். அந்தத் துறை அவளைத் தன் பட்டியலில் இடம் உறுதியாகும் அளவுக்கு மேலே வைக்கும் என்பதுதான் வாக்கு. அந்த வாக்கு நிற்க அவள் பாடங்களில் தேறிக்கொண்டே வர வேண்டும், டாக்டர் உரிமத்துக்கான ஸ்டெப் 1, ஸ்டெப் 2 தேர்வுகளைத் தள்ளிப்போடாமல் முடிக்க வேண்டும், நடத்தை பற்றி ஒரு புகாரும் வரக்கூடாது, அந்தத் துறைத் தலைவருக்கு அவள் மேல் நம்பிக்கை குறையக்கூடாது. கல்லூரி அனுப்பும் கடிதத்தில் இந்த நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடும் முன் நீங்களும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். தடுமாறினால் 4 வருடப் பாதைக்கு மாற வழி இருக்கிறதா, மாறினால் உதவித்தொகை தொடருமா, மனம் மாறி வேறு துறைக்குப் போக நினைத்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் இமெயிலில் கேட்டு எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். நேர்காணல் நாளன்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிச் சேர வேண்டாம்.

விண்ணப்பம் போடும் வேலை மற்றவர்களுக்கு உள்ளதுதான்: மே மாதம் பொது விண்ணப்பம் திறக்கும், மே கடைசியிலிருந்து சமர்ப்பிக்கலாம், முந்திப் போட்டால் நல்லது. 3 வருடப் பாதைக்கு எப்போது கேட்பது என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம். சிலர் இரண்டாம் கட்ட விண்ணப்பத்திலேயே தனிக் கட்டுரை கேட்பார்கள், சிலர் சேர்ந்தபின் முதல் வருடத்தில்தான் கேட்பார்கள். அதைக் கல்லூரி வாரியாக ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் தேதி தப்பாது.

கேள்வி: என் மகனுக்கு ஆர்த்தோ (எலும்பு, மூட்டு மருத்துவம்) மேல்தான் ஆசை. போட்டி அதிகமுள்ள துறை என்பதால் இப்படி உறுதி கொடுக்கும் இடத்தில் நுழைந்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது. சரியான யோசனையா?
- டல்லஸிலிருந்து ஒரு அப்பா

பதில்: ஆசை பையனுடையதா, நிம்மதி உங்களுடையதா என்பதை முதலில் வீட்டில் பேசிவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் இதைவிடப் பெரிய கேள்வி எனக்குத் தெரியவில்லை. மருத்துவக் கல்லூரிக்குள் ஒரு ஆசையோடு போய் வேறு துறையோடு வெளியே வரும் மாணவர்கள் ஏராளம், 4 வருடப் படிப்பு அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது. 3 வருடத்தில் சேருகிறவன் 22 வயதில் துறையைச் சொல்லிவிட வேண்டும், அதன்பின் 5 வருட ஆர்த்தோ ரெசிடென்சியும் அதே ஊரில்தான். உண்மையாகவே தெரிந்தவனுக்கு இது அருமையான வாய்ப்பு. தெரியாதவனைத் தள்ளிவிட்டால் அந்த மிச்சமான ஒரு வருடத்துக்கு அவன் பல வருடம் விலை கொடுப்பான்.

இன்னொன்று, எல்லாக் கல்லூரியும் எல்லாத் துறைக்கும் உறுதி தருவதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிராஸ்மன் கல்லூரியில் ஆர்த்தோ, நியூரோசர்ஜரி உட்பட 20 துறைகளுக்கு மேல் உண்டு, ஆனால் அது விதிவிலக்கு. பல 3 வருடத் திட்டங்கள் ஊரகங்களிலும் சிற்றூர்களிலும் டாக்டர் பற்றாக்குறையைத் தீர்க்கவே வந்தவை. உங்கள் டெக்சஸிலேயே லபக்கில் இருக்கும் டெக்சஸ் டெக், ஃபேமிலி மெடிசினுக்கு மட்டும் 3 வருடப் பாதை வைத்திருக்கிறது, உதவித்தொகையும் தருகிறது. சாக்ரமென்டோவில் யு.சி. டேவிஸ், கைசர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனத்தோடு சேர்ந்து நடத்துவதும் ஆரம்பநிலை மருத்துவத்துக்குத்தான். ஆர்த்தோ ஆசையை மறைத்துக்கொண்டு ஃபேமிலி மெடிசின் என்று எழுதி உள்ளே போய்விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கிராமத்து நோயாளிக்காக ஒதுக்கிய இடம் அது, உள்ளே போன பிறகு பையனும் மாட்டிக்கொள்வான்.

நேர்காணலில் அவர்கள் தோண்டுவது ஒன்றைத்தான்: இந்தத் துறையின் சாதாரண நாளை நீ பார்த்திருக்கிறாயா? ஆபரேஷன் தியேட்டரில் நின்று பார்த்ததை எல்லாரும் சொல்வார்கள். இடுப்பெலும்பு முறிந்த 80 வயதுப் பாட்டிக்கு அறுவை முடிந்து மறுநாள் எழுந்து நிற்க வைப்பது எவ்வளவு நேரம் எடுக்கும், அந்தக் குடும்பத்துக்கு டாக்டர் என்ன பதில் சொன்னார், இரவு 2 மணிக்கு ரெசிடென்ட்டுக்கு எதற்காக போன் வந்தது என்பதைச் சொல்லத் தெரிந்த பையனை அவர்கள் நம்புவார்கள். அதற்கு ஒரே டாக்டரிடம் பல மாதம் தொடர்ந்து போய் நிற்க வேண்டும். பத்து டாக்டரிடம் ஒவ்வொரு நாள் போனதாக நீளமாகப் பட்டியல் போடுவது உதவாது.

கேள்வி: மூன்று வருடத்தில் டாக்டர் ஆகிறவர்கள் அரைகுறையாக இருக்க மாட்டார்களா? இங்கே எம்.பி.பி.எஸ்.ஸே ஐந்தரை வருடம்.
- பேத்திக்காகக் கேட்கும் ஒரு தாத்தா, கோயம்புத்தூர்

பதில்: ஐயா, அமெரிக்காவில் முதலில் 4 வருட டிகிரி முடித்துவிட்டுத்தான் மருத்துவமே தொடங்குகிறார்கள். அதைச் சேர்த்தால் 7 வருடம், அப்புறம் குறைந்தது 3 வருட ரெசிடென்சி முடித்தால்தான் தனியாக மருத்துவம் பார்ப்பார்கள். கனடாவில் மெக்மாஸ்டர், கால்கரி இரண்டு பல்கலைக்கழகங்களிலும் பல பத்தாண்டுகளாக மருத்துவப் படிப்பு 3 வருடம்தான், அங்கு படித்தவர்களை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1970-களில் அரசு பணம் கொடுத்ததால் பல கல்லூரிகள் 3 வருடத்துக்கு மாறின, மாணவர்களும் ஆசிரியர்களும் களைத்துப்போனதும் பணம் நின்றதும் சேர்ந்து பெரும்பாலானவை திரும்பிவிட்டன. அப்போது எல்லாரையும் ஒரே ஓட்டத்தில் ஓடவிட்டார்கள், இப்போது பெரும்பாலும் விரும்பிக் கேட்பவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, முதல் நாளிலிருந்தே ஒரு துறையோடு இணைத்து விடுகிறார்கள். மேலே சொன்ன கிராஸ்மன் கல்லூரி தன் மாணவர்களைப் பற்றி 2024-ல் வெளியிட்ட ஆய்வில் 3 வருடக்காரர்கள் படிப்பிலும் ரெசிடென்சியின் ஆரம்பத்திலும் மற்றவர்களுக்கு ஈடாகவே இருந்தார்கள். அவர்களே செய்த ஆய்வு என்பதையும் மனதில் வையுங்கள். பேத்தி களைப்பைத் தாங்குவாளா என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. அந்த 3 வருடமும் அடிக்கடி பேசுங்கள், லீவுக்கு ஊருக்கு வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

பேத்தி பிற்பாடு இந்தியாவில் வந்து பணிபுரிய எண்ணினால் ஒன்று: தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் வெளிநாட்டுப் படிப்புக்குக் குறைந்தது 54 மாதம் கேட்கின்றன. அமெரிக்காவில் முதுநிலைத் தகுதி பெற்றவர்களுக்குத் தனி வழி உண்டு. எது பொருந்தும் என்று சேருவதற்கு முன்பே ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: பையன் எச்-4 விசாவில் (அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர் குடும்பத்துக்கானது) இருக்கிறான். க்ரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறோம். விண்ணப்பிக்கலாமா?
- சியாட்டில் வாசகர்

பதில்: விண்ணப்பிக்கலாம், ஆனால் கல்லூரிப் பட்டியல் மிகவும் சுருங்கிவிடும். 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும், மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டும். பல மாநிலக் கல்லூரிகள் குடியுரிமை அல்லது க்ரீன் கார்டு இல்லாமல் எடுப்பதே இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் வெளியிடும் சேர்க்கை விவரத் தொகுப்பில் ஒவ்வொரு கல்லூரியும் வெளிநாட்டு மாணவர்களை ஏற்கிறதா என்று இருக்கும், அதிலிருந்தே தொடங்குங்கள். அரசுக் கடன் உங்களுக்குக் கிடைக்காது. பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் ஒரு வருடக் கட்டணமே 60,000 டாலரைத் தாண்டும் என்பதால் ஒரு வருடம் குறைவது உங்கள் குடும்பத்துக்கு மற்றவர்களைவிடப் பெரிய விஷயம். ரெசிடென்சி உறுதி தரும் இடத்தில் கூடுதலாக ஒன்றைக் கேளுங்கள்: இணைந்திருக்கும் மருத்துவமனை எந்த விசாவில் ரெசிடென்ட்டை எடுக்கும்? கல்லூரி சேர்த்துக்கொண்டு மருத்துவமனை விசா தராவிட்டால் அந்த உறுதியால் பையனுக்குப் பயன் இல்லை. கல்லூரி அலுவலகமும் ரெசிடென்சி அலுவலகமும் வேறு வேறு, இரண்டிடமும் கேட்க வேண்டும்.

கேள்வி: திருச்சியில் எம்.பி.பி.எஸ். இறுதி ஆண்டு படிக்கிறேன். நான் இந்த 3 வருட எம்.டி.யில் சேரலாமா?
- ஒரு மாணவி

பதில்: வேண்டாம்மா. அமெரிக்காவில் எம்.டி. என்பது அடிப்படை மருத்துவப் பட்டம், நீங்கள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பதற்குச் சமம். ஸ்டெப் 1, ஸ்டெப் 2, ஆங்கிலத் திறனுக்கு ஓ.இ.டி. மூன்றையும் முடித்து, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் வாங்கினால் நேராக மேட்ச்சில் ரெசிடென்சிக்கே விண்ணப்பிக்கலாம். ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி மட்டும்தான், அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். முதலில் இறுதி ஆண்டையும் ஹவுஸ் சர்ஜன்சியையும் நன்றாக முடியுங்கள்.